சத்தம் ஆகாதவர்

"உங்க வீட்டுல ஒரு நாள் எப்படிப் போகும்னு சொல்லுங்கண்ணே. அதை வச்சுத்தான் பொமரேனியன் சரிப்படுமா, பக் சரிப்படுமான்னு நான் சொல்ல முடியும்" என்று கேட்டுவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று ஜெசிந்தா உள்ளே போய்விட்டாள். சௌந்தரபாண்டியன் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு நாள் எப்படிப் போகும். இது ஒரு கேள்வியா. நாய் வாங்க வந்த இடத்தில் நாயைப் பற்றி நாம் கேட்க வேண்டும், இங்கே என்னவென்றால் நம்மைப் பற்றி நாய்க்காரி கேட்கிறாள். காலையில் எழுந்திருக்கிறோம், காப்பி குடிக்கிறோம், பேப்பர் பார்க்கிறோம், மத்தியானம் கண்ணயர்கிறோம், சாயங்காலம் மாடிக்குப் போய்க் காய்ந்த துணியை எடுத்து வருகிறோம், போகிறது. யாரும் தள்ளாமலே போகிறது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை, அகப்படாததுதான் நெஞ்சில் இடறியது. பக்கத்தில் அவர் மனைவி பஞ்சவர்ணம் சோபாவின் நுனியில், பையை மடியில் வைத்துக்கொண்டு, யாருடைய இடத்தையோ கொஞ்ச நேரத்துக்கு இரவல் வாங்கியவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். பழங்காநத்தத்திலிருந்து திருப்பாலைக்கு வருகிற பஸ்ஸிலேயே அவள் தன் முடிவைச் சொல்லிவிட்டாள். "அந்தச் சப்பை மூஞ்சியவே எடுத்துக்குவோங்க. அதுதான் குரைக்காதாம்." அவரோ மனசுக்குள் வேறொன்றை முடிவு பண்ணிக்கொண்டு கிளம்பியிருந்தார். குரைக்கிறதைத்தான் வாங்குவது. தெரு முக்கில் சைக்கிள் திரும்பினால் குரைக்கிற, கேஸ்காரர் வந்தால் குரைக்கிற, யாருமே வராவிட்டாலும் இருக்கட்டும் என்று ஒரு தடவை குரைத்து வைக்கிற வெள்ளைப் பொமரேனியன். அதை அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்க மாட்டாள். சரிங்க என்பாள். அந்தச் சரிங்கவுக்குத்தான் இப்போதெல்லாம் அவருக்குப் பயமாக இருக்கிறது.

மகள் சுகந்திதான் இதை ஆரம்பித்து வைத்தது. ஓசூரில் இருந்துகொண்டு, ரெண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு நாய்க்குட்டியாவது வளருங்கள் என்று போனில் நச்சரித்து, சின்ன ஜாதி நாய்களைப் பற்றி வீடியோ வீடியோவாக அனுப்பினாள். அவர் ஒன்று விடாமல் பார்த்தார். பொமரேனியனுக்கு முடி கொட்டும், தினம் சீவிவிட வேண்டும். தன் தலையில்தான் சீவ ஒன்றுமில்லை, நாய்க்காவது சீவலாம். ஆனால் மதுரை வெயிலுக்கு அந்தச் சடை தாங்காது, ஃபேனுக்கடியில் போட்டு வைக்க வேண்டும். பக்குக்கு முடி குட்டை. ஆனால் மூக்கு உள்ளே அமுங்கிப் போனதால் அதுவும் வெயிலில் மூச்சுக்குத் திணறும், முகத்து மடிப்புகளைத் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வைக்கும். பொமரேனியன் நிற்காமல் ஓடும். பக் தின்றுவிட்டு மடியில் கிடந்து குறட்டை விடும். இவர்கள் வீடோ மாடியில், வர்ணத்துக்கோ முட்டிவலி, ஓடுகிறதைப் பிடிக்க ஆள் இல்லை. எந்தப் பக்கம் போட்டுப் பார்த்தாலும் பக்தான் ஜெயித்தது. உங்கள் வாழ்க்கைமுறைக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுங்கள் என்று ஒரு பெண் அந்த வீடியோவில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், அமைதியான வீடா, யோசிக்கவே வேண்டாம், பக் வாங்குங்கள் என்றாள். அந்த இடத்தில் அவர் வீடியோவை நிறுத்தினார். நிறுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டார். அமைதியான வீடா. வாழ்க்கைக்கு ஏற்ற நாய், சரி. அந்த வாழ்க்கை யாருக்கு ஏற்றாற்போல அமைந்தது என்று அந்தப் பெண் சொல்லவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும். வாழ்ந்த ஆளுக்கே போன மாதம்தானே தெரிந்தது.

போன மாதம் சுகந்தி வந்திருந்தபோது பிடிவாதமாக இழுத்துப்போய் வலது காதுக்கு மிஷின் வாங்கி மாட்டிவிட்டாள். இடது காது போய் நாளாயிற்று, அதற்கு எதை மாட்டியும் பிரயோஜனமில்லை. காதைத் தின்றது இன்னொரு மிஷின். ஒரு தினசரிப் பேப்பரின் அச்சுக்கூடத்தில் ரோட்டரி மிஷின் ஓட்டியவர் அவர். ராத்திரி ஷிப்ட் மட்டும், அதுவும் கேட்டு வாங்கிய ஷிப்ட். ஊர் படுக்கப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பி, ஊர் பல் விளக்கும்போது மை வாசத்தோடு வந்து படுப்பார். மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். காகிதம் அறுந்தால் ஒரு சாடை, மை கூடினால் ஒரு சாடை, டீ வந்தால் ஒரு சாடை. நாற்பது தாண்டும்போதே ஒரு காது முழுசாகவும் ஒரு காது பாதியாகவும் போயிருந்தது. வெளியே சொல்லவில்லை, செவிடு என்று தெரிந்தால் மிஷினை விட்டு எடுத்துப் பார்சல் கட்டப் போட்டுவிடுவார்கள். வீட்டிலும் சொல்லவில்லை. வீட்டில் சொல்லுகிற மாதிரி ஒரு சந்தர்ப்பமே வரவில்லை, கேட்டால்தானே கேட்கவில்லை என்று சொல்வதற்கு. அமைதியான பெண்டாட்டி, அமைதியான பிள்ளை, நாம் கொடுத்துவைத்த ஆள் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். டீ நேரத்தில் மற்றவர்கள் பகல் தூக்கம் கெட்ட கதையைச் சொல்லிப் புலம்பும்போது, எங்க வீட்டுல ஈ பறக்குற சத்தம்கூட இருக்காதுப்பா என்று பெருமை பேசியிருக்கிறார். அதை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது.

காது மிஷின் மாட்டிய அன்று தெருவெல்லாம் கேட்டது. பூக்காரம்மாள் கூவியது கேட்டது, இட்லிக் கடை இரைச்சல் கேட்டது, ஆட்டோ ஹாரனுக்குத் துள்ளிக் குதித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் மிஷின் நின்றுவிட்டது. தட்டிப் பார்த்தார். பேட்டரியை மாற்றிப் பார்த்தார். மறுநாள் கடைக்கே போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் சோதித்துவிட்டு, நல்லாத்தானே ஓடுது என்று சிரித்தபடி திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து மறுபடி மாட்டிக்கொண்டு அடுக்களை வாசலில் போய் நின்றார். வர்ணம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். மாவு கல்லில் விழுந்து சுரீரென்றது, கேட்டது. அப்புறம் ஒன்றுமில்லை. அப்போதுதான் அவர் காதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்க்க ஆரம்பித்தார். கரண்டியை மேடையில் வைக்கவில்லை, அங்கே ஒரு துணி மடித்துக் கிடந்தது, அதன்மேல் வைத்தாள். டம்ளரைக் கீழே வைக்கும்போது முதலில் சுண்டுவிரலைக் கொடுத்து, விரல்மேல் டம்ளரை இறக்கி, பிறகு விரலை உருவிக்கொண்டாள். கதவைச் சாத்தும்போது லேசாகத் தூக்கிச் சாத்தினாள். நடக்கும்போது குதிகால் தரையில் படவில்லை. கைக்கு ஒற்றை வளையல்தான், ரெண்டு இருந்தால் உரசுமே. மிஷின் கெட்டுப்போகவில்லை. அவர் ரிட்டயராகி, ஊரோடு படுத்து ஊரோடு எழுந்திருக்கிற ஆளாகி வருஷங்கள் ஆகிவிட்டன. போதும் வர்ணம், இனிமேல் டம்ளரைச் சத்தமாகவே வை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஆளுக்கு அப்படி ஒன்று நடந்துகொண்டிருப்பதே தெரியாது. தெரியாது, தெரியாது என்று அவரும் இந்த ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார், எத்தனை தரம் சொன்னாலும் அது ஒரு சமாதானமாக ஆக மாட்டேன் என்கிறது.

ஏனென்றால் முழுக்கத் தெரியாமலும் இல்லை. அந்தப் பித்தளைக் குடம் இருக்கிறதே. கல்யாணமான புதிதில், ஒரு மத்தியானம், வாசலில் அவளும் அடுத்த வீட்டுப் பெண்ணும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை, தண்ணீர்க் குடத்தைக் காலால் எத்திவிட்டார். அது படிக்கட்டில் உருண்டு தெரு வரைக்கும் போனது. ராத்திரி பூராம் மிஷின்கிட்டச் சாகுறேன், இங்கயும் சாகணுமா என்று கேட்டதாக ஞாபகம். கேட்டாரா, கேட்க வேண்டும் என்று நினைத்தாரா, அது சரியாக ஞாபகமில்லை. குடம் உருண்டது மட்டும் ஞாபகமிருக்கிறது. அதோடு சரி. ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் அவர் கோபப்பட அவசியமே வரவில்லை, நல்ல பிள்ளைகளாக இருந்துவிட்டார்கள். ஒரு தடவைதானே என்று சொல்லிக்கொண்டால், ஒரு தடவையே போதுமானதாக இருந்துவிட்டது என்று உள்ளேயே ஒன்று திருப்பிச் சொல்கிறது. இதில் வேடிக்கை, அவளைப் பெண் பார்க்கப் போனபோது முகத்தைக்கூட அவர் சரியாகப் பார்க்கவில்லை. கூடத்தில் உட்கார்ந்து கேசரியை விழுங்கிக்கொண்டிருக்கையில் உள்ளே இருந்து ஒரு சிரிப்பு வந்தது, அடக்கப் பார்த்து அடங்காமல் பீறிக்கொண்டு வந்த சிரிப்பு, ஏ வர்ணம் சும்மா இருடி என்று யாரோ அதட்டினார்கள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சரி என்று தலையாட்டினார். அதைத்தான் தாலி கட்டி வீட்டுக்குக் கூட்டிவந்தார். கூட்டிவந்து என்ன செய்தார். யோசனை எந்த வழியாகப் போனாலும் அந்தக் குடத்தில் வந்து முட்டுகிறது.

ஜெசிந்தா டீயோடு வந்து தட்டை டீப்பாய்மேல் 'டங்'கென்று வைத்தாள். நல்ல பெருத்த குரல் அவளுக்கு. உள்ளே இருக்கிற நாய்களையும் வெளியே இருக்கிற மனுஷர்களையும் ஒரே தொண்டையில் அதட்டுகிறாள், அவளுடைய வளையல்களும் நாய்களின் நகங்களும் டைல்ஸ் தரையும் சேர்ந்து அந்த வீடே ஒரு பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தது. அவருக்கு அது பிடித்திருந்தது. காது வலித்தது, வலித்தாலும் பிடித்திருந்தது. அண்ணன் யோசிச்சே முடிக்க மாட்டார் போல, நீங்க சொல்லுங்கக்கா என்று அவள் வர்ணத்தின் பக்கம் திரும்பினாள். வர்ணம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். இவருக்கு ஆறு மணிக்குக் காப்பி வேணும். இவருக்கு மத்தியானம் படுக்கணும். இவருக்கு முடி கொட்டுனா தும்மல் வரும். இவருக்கு ராத்திரி சீக்கிரம் லைட்டை அணைக்கணும். இவருக்குச் சத்தம் ஆகாது. ஜெசிந்தா குனிந்து உற்றுக் கேட்டாள், அடுத்த சோபாவில் இருக்கிற மனுஷி பேசுவதைக் கேட்க அவள் குனிய வேண்டியிருந்தது. கேட்டு முடித்துவிட்டு, அண்ணனை விடுங்கக்கா, நாயோட பொழுதன்னைக்கும் இருக்கப் போறது நீங்க, உங்களுக்கு எது பிடிக்கும் என்றாள். வர்ணம் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏதோ கணக்கு வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பக்கத்துப் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்தாள். அப்புறம், எனக்கு எதுன்னாலும் சரிதான் என்றாள். அவர் டீயை ஒரே மடக்கில் குடித்தார். சூடு நாக்கைப் பொசுக்கியது, நல்லதுதான் என்று தோன்றியது.

எதுன்னாலும் சரிதானாம். அப்படியில்லை என்று அவருக்குத் தெரியும், அதுவும் போன மாதம்தான் தெரியும். சுகந்தி ஊருக்குக் கிளம்புகிற அன்று, பேச்சோடு பேச்சாக, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் அஞ்சாவது படிக்கறப்ப ஒரு நாய்க்குட்டி வளத்தோமேப்பா, உங்களுக்குத் தெரியாதுல்ல. தெருவில் கிடந்த குட்டியாம், பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்தாளாம். அம்மா திட்டுவாள் என்று பயந்துகொண்டே பையைத் திறக்க, அம்மா அதைத் தூக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கீழே விடவே இல்லையாம். பாலில் துணியை நனைத்துச் சப்பக் கொடுத்தாளாம். பேர்கூட வைத்தாளாம், என்ன பேர் என்று சுகந்திக்கு மறந்துவிட்டது. ராத்திரி அப்பா வேலைக்குப் போனதும் ரெண்டு பேரும் நடுவில் குட்டியைப் போட்டுப் படுத்துக்கொண்டார்களாம். மறுநாள் அப்பா தூங்கும்போது அது கத்த ஆரம்பித்தது. என்ன செய்தும் அடங்கவில்லை. அம்மா கூடையில் வைத்து மூடி எடுத்துக்கொண்டு போய், எங்கேயோ ரெண்டு தெரு தள்ளி ஒரு டீக்கடை வாசலில் விட்டுவிட்டு வந்தாள். "அம்மாவும் அழுதாங்கப்பா, நானும் அழுதேன். நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு பேரும் மூஞ்சி கழுவிட்டோம்" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் அந்தச் சாயங்காலம் எழுந்து, காப்பி குடித்து, சட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். கழுவிய முகங்களைப் பார்த்திருப்பார். பளிச்சென்று இருக்கிறார்கள் என்றுகூட நினைத்திருப்பார். குட்டி கத்தியது அவருக்குக் கேட்டிருக்காது. அதுதான் அவரை உட்காரவிடாமல் பிடுங்குகிறது. சுகந்தி அஞ்சாவது படித்த வருஷம் அவருக்கு எந்தக் குட்டி கத்தியும் கேட்டிருக்காது, வீட்டுக் கூரை இடிந்து விழுந்தால்தான் எழுந்திருப்பார். நான் செவிடு என்று ஒரு வார்த்தை, அச்சாபீஸில் சொல்ல வேண்டாம், வீட்டுக்குள் சொல்லியிருந்தால் அந்தக் கூடை வெளியே போயிருக்காது. கௌரவம். யாருக்கு வேண்டிக் கிடந்தது அந்தக் கௌரவம். அதனால்தான் வெள்ளைக் குட்டி. அதனால்தான் குரைக்கிற குட்டி. அது வரட்டும், வந்து வீட்டைக் கிழிக்கட்டும், இருக்கிற சத்தமெல்லாம் போடட்டும், அவர் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருப்பார், முகம் சுளிக்காமல் கேட்பார், அவள் பார்ப்பாள், பார்த்துப் பார்த்து ஒரு நாள் டம்ளரைச் சும்மா வைப்பாள். இப்படித்தான் அவர் திட்டம் போட்டிருந்தார். இதில் தப்பு வர இடமே இல்லை என்றும் நினைத்திருந்தார்.

சரி, நாம பேசி என்ன ஆகப் போகுது, அதுங்க என்ன சொல்லுதுன்னு பாப்போம் என்று ஜெசிந்தா உள்ளே போய் ரெண்டு குட்டிகளையும் ஆளுக்கொரு கையில் தூக்கி வந்து, கூடத்தின் அந்தக் கோடியில், கதவோரமாக விட்டாள். தவிட்டு நிறத்தில் கறுத்த மூஞ்சியோடு ஒன்று, வெள்ளையாய்ப் பந்து போல ஒன்று. தவிட்டு நிறம் அவளுடைய செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, இதற்கா என்னை எழுப்பினாய் என்பது போல் அதன்மேலேயே தாடையை வைத்துப் படுத்தது. வெள்ளை நாலு திசையும் பார்த்தது, கதவைப் பார்த்தது, ஃபேனைப் பார்த்துக் குரைத்தது. அக்கா கூப்பிடுங்க, எது வருதோ அது உங்களுது என்றாள் ஜெசிந்தா. வர்ணம் முன்னால் நகர்ந்து, கையை நீட்டி, "வா" என்றாள். அந்தக் குரல் சோபாவைத் தாண்டவில்லை. சத்தமாக் கூப்பிடுங்கக்கா என்றாள் ஜெசிந்தா. வர்ணம் மூச்சை இழுத்துக்கொண்டாள், கழுத்து நரம்பு எழும்பியது, உதடு விரிந்தது, மறுபடியும் அதே வா, அதே அளவு. அவள் வேண்டுமென்றே மெல்லக் கூப்பிடவில்லை. அவளால் அதற்கு மேல் முடியவில்லை. முடியாமல் அவள் லேசாக வெட்கப்பட்டுச் சிரித்தாள், அதுவும் சத்தமில்லாத சிரிப்பு, பல் மட்டும் தெரிந்தது. அவர் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து வெள்ளைக் குட்டியின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த சோபாவில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கே குனிந்தால்தான் கேட்ட குரல், கோடியில் நின்ற அதற்குக் கேட்டிருக்கிறது. டைல்ஸில் வழுக்கி, விழுந்து, எழுந்து, நேராக அவளிடம் ஓடிவந்து, கால் விரலை நக்கி, முட்டியில் முன்னங்காலைப் போட்டு நின்றது.

வர்ணத்தின் முகத்தை அவர் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவர் பார்த்து எவ்வளவோ காலமாகிவிட்டது. கண் விரிந்து, கன்னமெல்லாம் மலர்ந்து, குட்டியை வாரி மடியில் போட்டுக்கொண்டாள். பிடித்துவிட்டது. எதுன்னாலும் சரியெல்லாம் இல்லை, இதுதான், இதுவேதான். அட, ஜெயித்துவிட்டோம், வாயைத் திறந்து சொல்லாமலே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார். குட்டி மடியில் நின்றுகொண்டு அவரைப் பார்த்தது, பார்த்துவிட்டு, நீ யார் என்று கேட்பது போல் குரைத்தது. காது மிஷினுக்குள் அது கணீரென்று விழுந்தது. ரெண்டாவது தடவை குரைக்க அது வாயைத் திறந்தபோது, வர்ணத்தின் கை வந்தது. அவள் அவரைப் பார்க்கக்கூட இல்லை. கட்டைவிரலும் ரெண்டு விரலும் சேர்ந்து அந்தச் சின்ன வாயை மேலும் கீழுமாகப் பிடித்து மூடின. நோகாமல், பூவைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தாள். இன்னொரு கை முதுகைத் தடவியது. குனிந்து அதன் நெற்றியில் மெல்ல ஊதினாள். ஷ் என்றுகூடச் சொல்லவில்லை. ஷ் என்றால் அதுவும் ஒரு சத்தம்தானே. குட்டி ஒரு தரம் திமிறியது. ஊதினாள். திமிறவில்லை. விரலை எடுத்தாள். அது வாயைத் திறக்காமல் வாலை ஆட்டியது. "பாத்தீங்களா, சொன்னாக் கேட்டுக்குது. நீங்க கவலைப்படாதீங்க, ரெண்டு வாரத்துல பழக்கிருவேன்" என்றாள். அப்புறம் சந்தோஷம் தாளாமல், இதிலெல்லாம் தனக்கு இருக்கிற கைப்பக்குவத்தைப் பெருமையாக நினைத்தவளாக, "சுகந்தியவே பழக்கலையா நான்" என்றாள்.

இப்படித்தானா. அவர் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தபோது இப்படித்தான் நடந்திருக்கிறது. கைக்குழந்தைக்குப் பசித்தபோது, பல் முளைத்தபோது, விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டபோது, வாய்ப்பாடு படித்தபோது, இந்த மூன்று விரல்கள், இந்த ஊதல். ஒரு அடி இல்லை, ஒரு அதட்டல் இல்லை, இவ்வளவு பிரியமாக ஒரு வாயை மூட முடியுமா. மேடையேறிப் பேசு என்றால் சுகந்தி அழுதுவிடுவாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்களே, பிள்ளை கூச்ச சுபாவம் என்று இவரும் சொல்லிக்கொண்டு திரிந்தாரே. குரைக்கிற நாயை வாங்கிவிட்டால் வீடு குரைக்கும் என்று திட்டம் போட்ட புத்திசாலி, அந்த நாய் யார் கைக்குப் போகும் என்று யோசிக்கவில்லை. ரெண்டு வாரம்தான். ரெண்டு வாரத்தில் இந்த வெள்ளைக் குட்டி சைக்கிளைப் பார்க்கும், கேஸ்காரரைப் பார்க்கும், வாயைத் திறக்காமல் வாலை ஆட்டும். அவள் பிரியத்தை எல்லாம் கொட்டி அதைச் செய்வாள், அவருக்காகச் செய்வாள். தடுக்கலாம், குரைக்கட்டும் விடு என்று சொல்லலாம். சொல்லிப் பார்த்தார், மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். சரிங்க என்பாள். அவர் அறையில் இல்லாத நேரத்தில் விரல் போகும், அவளுக்கே தெரியாமல் போகும், அந்தக் கைக்கு இனி வேறு தெரியாது. அவள் காதலிக்கிற எதன் வாயையும் அவள் மூடாமல் இருக்க முடியாது. அவரால் இன்னொரு தடவை அதைப் பார்க்க முடியாது. அந்தச் செருப்பின்மேல் தூங்குகிறதே, அதற்கு மூட ஒன்றும் இல்லை, அதனிடம் அந்த விரல்களுக்கு வேலை இல்லை. "பக்கையே எடுத்துக்குவோம்" என்றார்.

காது கேளாதவர் குரல் எப்போதும் கொஞ்சம் உரக்கத்தான் வரும். நினைத்ததைவிட ரொம்பக் கூடுதலாக, ஒரு அதட்டல் மாதிரி வந்துவிட்டது. ஜெசிந்தாகூடத் திரும்பிப் பார்த்தாள். வர்ணத்தின் கை குட்டியின் முதுகில் அப்படியே நின்றது. ஒரு கணம்தான். முகத்தில் இருந்ததெல்லாம், விளக்குத் திரியை உள்ளே இழுத்தது போல், உள்ளே போய்விட்டது. சரிங்க என்று குட்டியைத் தரையில் விட்டாள். அது மறுபடி முட்டியில் ஏறியது, புறங்கையால் மெதுவாகத் தள்ளிவிட்டாள். தள்ளிவிட்டு அவரைப் பார்த்துச் சொன்னாள், குறையாகச் சொல்லவில்லை, ஆறுதலாகத்தான் சொன்னாள். "நான் மொதல்லயே சொன்னேன்ல. உங்களுக்குச் சத்தம் ஆகாதே."

அதுக்கில்ல வர்ணம் என்று அவர் ஆரம்பித்தார். அவள் முகத்தைத் தூக்கிக் காத்திருந்தாள். எதுக்கு என்று சொல்வது. உன் விரலைப் பார்த்தேன் என்றா. நீ செய்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்றா. யாருக்காகச் செய்தாளோ அந்த ஆளே நிமிர்ந்து உட்கார்ந்து, நீ செய்தது கொடுமை என்று அவளிடம் சொல்வதா. சுகந்தியையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றுவதா. எப்படிச் சொன்னாலும் அது அவள்மேல்தான் போய் விழும். ஒன்றுமில்லை என்றார். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். ஜெசிந்தா பக் குட்டியைத் துண்டில் சுற்றிக் கொடுத்து, வெயில் நேரத்தில் வெளியே கூட்டிப்போகக் கூடாது, முகத்து மடிப்பில் ஈரம் நிற்கக் கூடாது, சோறு அளவாகத்தான் வைக்க வேண்டும் என்று அடுக்கினாள். வர்ணம் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். அவள் கதவைத் தாண்டி வரும்போது வெள்ளைக் குட்டி நிலைப்படி வரைக்கும் ஓடிவந்தது. அவள் குனிந்து அதைத் தொடவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை, அவர்தான் பார்த்துக்கொண்டே வந்தார். சுகந்தியிடம் போனில் சொல்ல வேண்டும், அம்மாவுக்கு வெள்ளைதான் பிடித்தது என்று அவளிடமாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார். சொன்னால், அப்புறம் ஏன் வாங்கலை என்பாள்.

குட்டியோடு பஸ்ஸில் ஏற முடியாது என்று ஆட்டோ பிடித்தார்கள். வழியெல்லாம் அவர் வாக்கியம் கூட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார், ஒன்றும் கூடி வரவில்லை. கோரிப்பாளையம் சிக்னலில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியிருந்தது, ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். வர்ணம் துண்டை விலக்கி, முந்தானை நுனியால் குட்டியின் முகத்து மடிப்பை ஒற்றியெடுத்தாள். புதுக் குட்டியைச் சும்மா விடக்கூடாது, அதோடும் பேசிப் பழக வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, அவர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, அதன் காதோரம் குனிந்து, வீட்டு நடைமுறையைச் சொல்லிக் கொடுத்தாள். "தாத்தாவுக்குச் சத்தம் ஆகாது, என்ன. பதறிப் போயிருவாரு. நீ சமத்தா இருக்கணும்." அவருக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவள் இத்தனை வருஷமும் வைத்துக்கொண்டிருந்த குரல் அது. இப்போது ஒரு சொல் விடாமல் கேட்டது. குட்டி அதற்குள் தூங்கிப்போயிருந்தது.